பூட்டிய கூரையின் கீழ் ஒன்பது ஏக்கர்: ஆஸ்ட்ரோடோம் குறித்து ஹாரிஸ் கவுண்டி ஆணையர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கவுண்டி நீதிபதி அவர்களுக்கும், நான்கு தொகுதிகளின் ஆணையர்களுக்கும் வணக்கம்.

டெக்சாஸின் ஹூஸ்டன் நகரின் தென்பகுதியில், இக்கவுண்டியை நிர்வகிக்கும் உங்கள் மன்றத்தின் பொறுப்பில் உள்ள கவுண்டிச் சொத்தாகிய ஆஸ்ட்ரோடோம் என்னும் கூரையிட்ட விளையாட்டரங்கு 2008 முதல் மக்கள் புழக்கத்துக்கு அனுமதியின்றிப் பூட்டிக் கிடக்கிறது. அதை இடிப்பதா, புதுப்பிப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் மன்றத்தின் முன் வருகிறது. ஒவ்வொரு முறையும் இன்னோர் ஆய்வறிக்கையின் பெயரால் தள்ளிப்போகிறது. 2018 பிப்ரவரியில் இம்மன்றமே ஒருமனதாக ஏற்றுக்கொண்டு, பின்னர் கிடப்பில் போட்டுவிட்ட திட்டத்தை மீண்டும் கையிலெடுத்துப் படிப்படியாகவேனும் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

மடல் ஏன் தமிழில் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இக்கவுண்டியின் வாக்குச்சீட்டு ஆங்கிலம், ஸ்பானியம், வியட்நாமியம், சீனம் ஆகிய நான்கு மொழிகளில் அச்சாகிறது. தமிழ் அதில் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இங்கே சொத்துவரி கட்டி, வாக்களித்து, பிள்ளைகளை வளர்க்கும் தமிழர் பலர். பேர்லண்ட் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போது 610 வட்டச்சாலையிலிருந்து அந்தச் சாம்பல் நிறக் குவிமாடத்தைப் பார்க்காதவர் அவர்களில் குறைவு. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அவர்கள் தத்தம் ஆணையரிடம் இது பற்றிப் பேச வேண்டும் என்பது என் விருப்பம். இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வந்து சேரும்.

இந்தக் கட்டடம் எப்படி வந்தது என்பதை இம்மன்றத்துக்கு நினைவூட்டுவதில் தவறில்லை என்று கருதுகிறேன், ஏனெனில் அதை எழுப்பியவர் இம்மன்றத்தின் தலைமை நாற்காலியிலேயே ஒரு காலத்தில் அமர்ந்திருந்தவர். இளம் வயதிலேயே கவுண்டி நீதிபதியாகவும், பின்னர் ஹூஸ்டன் மேயராகவும் இருந்த ராய் ஹாஃப்ஹைன்ஸ், பெரும்பிரிவு பேஸ்பால் அணி ஒன்றை இந்நகருக்குக் கொண்டுவர முயன்ற குழுவில் ஒருவர். அணி கிடைத்துவிட்டது; ஆனால் வளைகுடாக் கரையின் கோடை வெயிலிலும் புழுக்கத்திலும் மக்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்களா என்ற கேள்வி மிச்சமிருந்தது. 1962 முதல் 1964 வரை அந்த அணி ஆடிய திறந்தவெளி மைதானத்தில் பார்வையாளர்களை வெயில் ஒருபுறமும் கொசுக்கள் மறுபுறமும் வாட்டின என்பது அக்காலத்தவர் அனைவரும் சொன்ன செய்தி. பண்டைய ரோமின் கொலோசியத்தில் வெயிலை மறைக்கத் துணிப்பந்தல் விரித்தார்கள் என்று அறிந்ததிலிருந்து தமக்கு இந்த எண்ணம் பிறந்ததாக ஹாஃப்ஹைன்ஸ் சொல்லிவந்தார். அவர் விளம்பரத்தில் கைதேர்ந்தவர் என்பதால் அக்கதையைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்க வேண்டும். கூரை தேவைப்பட்டதற்கு ரோம் வேண்டியதில்லை, ஹூஸ்டனின் ஆகஸ்ட் மாதமே போதும்.

பணம் மக்களுடையது. கவுண்டி வாக்காளர்கள் கடன்பத்திரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒப்புதல் தந்த பிறகே, ஏறத்தாழ 35 மில்லியன் டாலர் செலவில் இது எழுந்தது. அந்த ஒப்புதலுக்குப் பின்னால் இன்று பலரும் மறந்துவிட்ட ஓர் உடன்பாடு இருக்கிறது. 1961 வாக்கெடுப்பில் கறுப்பின மக்களின் ஆதரவு வேண்டியிருந்தபோது, குவென்டின் மீஸ் முதலிய தலைவர்கள் புதிய அரங்கு திறக்கும் முதல் நாளிலிருந்தே இனப்பிரிவினை இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை முன்வைத்தார்கள், அது ஏற்கப்பட்டது. உணவகங்களிலும் திரையரங்குகளிலும் தோலின் நிறம் பார்த்து இடம் ஒதுக்கிய தென்மாநில நகரம் ஒன்றில், இன்னும் கட்டப்படாத அரங்கின் இருக்கைகள் எல்லாருக்கும் பொது என்று முன்கூட்டியே எழுதி வாங்கியதற்கு நிகரான சாதனை அது. தொன்மைச் சின்னம் என்ற சொல்லை நான் கூரைக்காக மட்டும் பயன்படுத்துவதில்லை, இந்த உடன்பாட்டுக்காகவும்தான்.

1965 ஏப்ரல் 9 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் நடந்த காட்சி ஆட்டத்தோடு அரங்கு திறந்தது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வந்திருந்தார். உள்ளரங்கில் முதல் ஹோம் ரன் அடித்தவர் மிக்கி மேன்டில். விண்வெளி மையம் ஹூஸ்டனுக்கு வந்திருந்த காலம் அது. கோல்ட் ஃபார்ட்டி ஃபைவ்ஸ் என்றிருந்த இந்நகரின் பேஸ்பால் அணிக்கு ஆஸ்ட்ரோஸ் என்று பெயர் மாறியது, தரையைப் பராமரித்த பணியாளர்களுக்கு விண்வெளி வீரர்களின் உடை போன்றதொன்றை மாட்டிவிட்டார்கள். இந்த வேடிக்கைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கட்டுமானத்தைப் பார்த்தால், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 642 அடி அகலத்தைத் தாண்டும் எஃகுக் கூரையை, தரையிலிருந்து 208 அடி உயரத்தில், அதற்கு முன் உலகில் எவரும் இந்த அளவில் கட்டிப் பார்த்ததில்லை. தற்காலிகக் கோபுரங்களின் மேல் கூரையைப் பூட்டிய பிறகு, அக்கோபுரங்களை மெல்ல இறக்கி, கூரை தன் எடையைத் தானே விளிம்பு வளையத்தின் மேல் தாங்கும்படி விட்டார்கள். அது அன்று நின்றது. 1983-இன் அலிசியா புயலிலும் நின்றது. 2008-இல் ஐக் புயல் பக்கத்திலிருந்த புதிய அரங்கின் திறந்து மூடும் கூரையைச் சிதைத்தபோதும் இந்தப் பழைய கூரை நின்றது.

கூரை தவறவில்லை என்பதைச் சொல்லும்போதே, அதன் கீழ் முதல் ஆண்டில் எல்லாமே தவறிப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரையில் 4,596 ஒளிபுகும் தகடுகள் பதித்திருந்தார்கள். பகல் ஆட்டத்தில் அந்த ஒளியின் கூச்சத்தில் உயரே பறந்துவரும் பந்து ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியவில்லை. பந்தின் நிறத்தை மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. தகடுகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். கூச்சம் போனது, அதனுடன் வெளிச்சமும் போய்ப் புல் செத்தது. அந்த ஆண்டின் எஞ்சிய ஆட்டங்கள் காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் பூசிய தரையில் நடந்தன. மறு ஆண்டு மான்சான்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். அதற்கு முன்பே வேறு பெயரில் இருந்த அந்தப் பொருள் இந்த அரங்கின் பெயரைச் சூடி ஆஸ்ட்ரோடர்ஃப் ஆனது. இன்று உலகெங்கும் ஹாக்கி ஆடப்படும் தரைக்கு மூதாதை அதுவே. திட்டமிட்டு எட்டிய வெற்றி இல்லை இது, திட்டம் தோற்ற இடத்தில் முளைத்தது. இந்த அரங்கின் வரலாறு நெடுகிலும் இதே போக்கைக் காண்கிறேன். என் கோரிக்கையும் இதன் மேல்தான் நிற்கிறது.

பேஸ்பாலுக்காகக் கட்டிய இடம் பேஸ்பாலால் மட்டும் நினைவில் நிற்கவில்லை. முகமது அலி இங்கே நான்கு முறை குத்துச்சண்டையிட்டார். 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் சாய்த்த அந்த இரவைப் பார்க்க 35,000 பேருக்கு மேல் திரண்டார்கள். 1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, 47 ஆட்டங்களாகத் தோல்வி காணாத யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 71-69 என்று வென்றது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கொண்டுவந்த மரத்தளத்தை மைதானத்தின் நட்டநடுவில் போட்டிருந்ததால், மிக அருகிலிருந்த இருக்கைகூடத் தொலைவில்தான் இருந்தது. அப்படியும் 52,693 பேர் வந்தார்கள், நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிச் சுற்றுகளை இன்று பெரும் குவிமாட அரங்குகளில் நடத்துகிறார்கள் என்றால் அதற்கு அந்த இரவே தொடக்கம். 1973 செப்டம்பர் 20 அன்று பில்லி ஜீன் கிங், பெண்களின் டென்னிஸை ஏளனம் செய்துவந்த முன்னாள் ஆண் டென்னிஸ் வீரர் பாபி ரிக்ஸை 6-4, 6-3, 6-3 என்று வீழ்த்தியதும் இங்கேதான்; நேரில் பார்த்தவர்கள் 30,472 பேர். 1966 முதல் 2002 வரை ஆண்டுதோறும் கால்நடைக் கண்காட்சியும் ரோடியோ என்னும் காளை, குதிரைச் சவாரிப் போட்டியும் நடந்தன. எல்விஸ் பிரெஸ்லி பாடினார். 1995 பிப்ரவரியில், தாம் கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், பாடகி செலீனா பாடினார். அந்தக் கச்சேரிக்கு வந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் குடும்பங்கள் இன்னும் உங்கள் வாக்காளர்கள். 1992-இல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாட்டுக்கு அரங்கைக் கொடுத்ததால், ஆஸ்ட்ரோஸ் அணி தொடர்ந்து 26 ஆட்டங்களை வெளியூர்களில் ஆடித் திரும்ப வேண்டியிருந்தது.

இவற்றுள் எதுவும் 1961-இன் வாக்குச்சீட்டில் இல்லை. நம் ஊர்ப்புறத்து மண்டபம் ஒன்றில் இன்று திருமணம், நாளை ஊர்க்கூட்டம், வெள்ளம் வந்தால் மக்கள் படுத்துறங்கும் இடம் என்று மாறிக்கொண்டே இருப்பது போல, தூண் குறுக்கிடாத தளமும் மழை இறங்காத கூரையும் இருந்தால் பயன் தானாகத் தேடி வரும். ஆனால் இம்மன்றத்தின் முன் வைக்கப்பட்ட பெரிய திட்டங்களோ, விடுதி, அங்காடி, அருங்காட்சியகம் என்று ஒவ்வொரு சதுர அடிக்கும் முன்கூட்டியே வேலை ஒதுக்கிவிட முயல்கின்றன. 2024-இல் ஆஸ்ட்ரோடோம் பேணல் அமைப்பு வெளியிட்ட திட்டத்தின் மதிப்பே நூறு கோடி டாலரைத் தாண்டுகிறது. அவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன், அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டடம் என்றோ மறைந்திருக்கும். என்றாலும் தொகை பெரிதாகப் பெரிதாகக் கட்டடத்தின் ஆயுள் குறைகிறது என்ற என் அச்சத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2005-ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, அங்கே சூப்பர்டோமில் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கானோர் கூரை கிழிந்து, மின்சாரமும் கழிப்பிடமும் செயலிழந்த அரங்கில் சிக்கிக்கொண்டார்கள். அப்போது எந்த அணியும் ஆடாமல் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்த ஆஸ்ட்ரோடோமை இந்தக் கவுண்டி திறந்துவிட்டது. 350 மைல் தொலைவைப் பேருந்துகளில் கடந்து வந்தவர்களுக்காகத் தரை முழுவதும் கட்டில்கள் விரிந்தன. அந்த வளாகத்தில் மட்டும் 25,000-க்கும் மேற்பட்டோர் தங்கினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு முழு மருத்துவமனையே இயங்கியது. மூன்று வாரங்களுக்குள் அவர்களை வீடுகளுக்கும் வேறு தங்குமிடங்களுக்கும் அனுப்பிவைத்த வேகத்தை நாடு வியந்து பார்த்தது. உங்களுக்கு முன் இந்த நாற்காலிகளில் இருந்தவர்கள் செய்த மிகச் சிறந்த பணி எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அதன் பின் நடந்ததை எண்ணிப் பாருங்கள். சிதைந்துபோன சூப்பர்டோமை லூசியானா மாநிலம் பழுதுபார்த்து 2006 செப்டம்பரிலேயே திறந்தது. 2013-இலும் 2025-இலும் அங்கே அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் நடந்தது. அதன் மக்களை ஏற்றுக்கொண்ட, புயலில் சேதமேதும் அடையாத நம் அரங்கை, மூன்று ஆண்டுகள் கழித்துத் தீயணைப்பு, கட்டட விதிகளைக் காரணம் காட்டிப் பூட்டினோம். விதிமீறல்கள் உண்மையானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றைச் சரிசெய்யும் செலவு இந்தப் பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பில் குறைந்திருக்காது, கூடியிருக்கும்.

புகலிடமாக இதைப் பேசும்போது ஒரு குறையை மறைக்கக் கூடாது. ஆடுதளம் தெரு மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 25 அடி ஆழத்தில் இருக்கிறது; நகரமோ மழைக்குப் பெயர் போனது. 1976 ஜூன் 15 அன்று பெய்த மழையில் அரங்குக்குள் ஒரு துளி விழவில்லை, ஆனால் சுற்றுச் சாலைகள் மூழ்கியதால் நடுவர்களும் பார்வையாளர்களும் வந்து சேர முடியாமல், ஆஸ்ட்ரோஸும் பிட்ஸ்பர்க் அணியும் ஆட வேண்டிய ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கூரையுள்ள அரங்கில் மழையால் ஆட்டம் நின்றது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த இரவு இரு அணியினரும் களத்திலேயே மேசை போட்டு உணவருந்திவிட்டுப் போனார்கள். 2018 திட்டம் எனக்குப் பிடித்திருப்பதற்கு முதன்மைக் காரணம், அது இந்தக் குறையை நேராகத் தொடுகிறது என்பதே. தரையை இரண்டு தளம் உயர்த்தி, கீழே ஏறத்தாழ 1,400 கார்கள் நிறுத்த இடம் செய்து, மேலே தெரு மட்டத்தில் ஒன்பது ஏக்கர் வெற்றுத் தளத்தை விட்டுவிடுவது என்பதுதான் அதன் சாரம். வெள்ளம் வந்தால் நனைவது கார் நிறுத்துமிடமாக இருக்கும். மனிதர்கள் மேலே இருப்பார்கள். அதைத் தவிர அத்திட்டம் எதையும் பெரிதாக வாக்களிக்கவில்லை என்பதையும் அதன் சிறப்பாகவே எண்ணுகிறேன்.

அதன் மதிப்பீடு அன்று 105 மில்லியன் டாலர். அதை மூன்றில் ஒரு பங்கு பொது நிதி, ஒரு பங்கு விடுதி வரி, ஒரு பங்கு வாகன நிறுத்த வருவாய் என்று பிரித்திருந்தார்கள். இன்று அத்தொகை போதாது என்பதில் ஐயமில்லை. 2017-இன் ஹார்வி வெள்ளத்துக்குப் பின் வாக்காளர்கள் ஏற்ற 250 கோடி டாலர் வெள்ளத் தடுப்புக் கடனே உங்கள் முதல் கடமை என்பதையும் உணர்கிறேன். ஓடைகளை அகலப்படுத்தும் பணத்திலிருந்து ஒரு டாலரைக்கூட இதற்கு எடுக்கச் சொல்லவில்லை. விடுதி வரியும் நிறுத்தக் கட்டணமும் பெரும்பகுதி அந்த வளாகத்துக்கு வருவோரிடமிருந்தே கிடைப்பவை. அவற்றை அந்த வளாகத்துக்குச் செலவிடுவதில் அநியாயம் ஏதுமில்லை.

2013-இல் 217 மில்லியன் டாலர் கடன்பத்திரத்தை வாக்காளர்கள் ஏறத்தாழ 53-க்கு 47 என்ற விழுக்காட்டில் நிராகரித்ததை, மக்கள் இடிக்கச் சொல்லிவிட்டார்கள் என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். சீட்டில் அப்படியொரு கேள்வி இல்லை. கேட்கப்பட்டது ஒரு குறிப்பிட்ட தொகைக்கும் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கும் ஒப்புதல், கிடைத்தது மறுப்பு. அதற்கு அடுத்த சில மாதங்களில் இக்கட்டடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 2017-இல் டெக்சாஸ் மாநிலத் தொன்மைச் சின்னமாகவும் ஆனதால், மாநில வரலாற்று ஆணையத்தின் ஒப்புதலின்றி இதை இடிக்க உங்களாலும் இயலாது. 2018 ஏப்ரலில், திறப்பு நாளின் ஆண்டு நிறைவன்று ஒரு மாலை மட்டும் கதவைத் திறந்துவைத்தபோது ஏறத்தாழ 25,000 பேர் வந்து உள்ளே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இடிக்க விரும்பும் மக்கள் அப்படி வரிசையில் நிற்பார்களா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இடிப்பும் இலவசமில்லை. சியாட்டிலின் கிங்டோம் அரங்கை 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்த பிறகும், அதன் கடனை அந்தக் கவுண்டி 2015 வரை அடைத்துக்கொண்டிருந்தது. இங்கே இடித்தால் மிஞ்சுவது தரைக்குக் கீழே இறங்கிய பெரும் பள்ளம். அதை மூடி, தட்டி, தாரிட்டால் கிடைப்பது இன்னுமொரு கார் நிறுத்துமிடம். ஹூஸ்டனுக்கு வேறு எது குறைவாக இருந்தாலும் கார் நிறுத்துமிடம் குறைவில்லை.

வளாகத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் அமெரிக்கக் கால்பந்து அணியும் ரோடியோ அமைப்பும் 2014-இல் இந்த அரங்கை அகற்றிவிட்டுப் பசும்புல் வெளி அமைக்கும் யோசனையை வெளியிட்டன. அவர்களுடைய குத்தகை 2032-இல் முடிகிறது. புதுப்பிக்கும் பேச்சில் இக்கட்டடமும் ஒரு பொருளாக மேசைக்கு வரும் என்பது தெரிந்ததே. அவர்கள் மதிப்புள்ள குத்தகையாளர்கள், இந்நகருக்கு வருவாய் தருபவர்கள். ஆனால் 1980-களின் இறுதியில் இங்கே ஆடிவந்த ஆயிலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி வெளியேறிவிடுவதாகச் சொன்னதற்காக, பொதுப் பணத்தில் 67 மில்லியன் டாலர் செலவழித்து, அரங்கின் பெருமையாக இருந்த அந்தப் பிரம்மாண்ட ஆட்ட எண்ணிக்கைப் பலகையைப் பிய்த்தெறிந்து இருக்கைகளைக் கூட்டினோம். 1996 ஆட்டப் பருவத்தோடு அந்த அணி டென்னஸிக்குப் போய்விட்டது. ஆஸ்ட்ரோஸும் 1999-க்குப் பின் நகரின் மையத்துக்குப் போனார்கள். ஐம்பது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் குத்தகையாளர்கள் வருவார்கள், போவார்கள். சொத்தின் உரிமையாளர் கவுண்டிதான். கட்டடத்தின் முடிவைக் குத்தகைப் பேச்சின் ஒரு பிற்சேர்க்கையாக ஆக்கிவிடாமல், அதற்கு முன்னரே தனித் தீர்மானமாக நிறைவேற்றிவிட வேண்டும் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை. 2018 திட்டத்தின் செலவை இன்றைய விலையில் மறுமதிப்பீடு செய்து, ஒரே தொகையாக இல்லாமல் கட்டங்களாகப் பிரித்து வெளியிடுங்கள். தீயணைப்பு, வெளியேறும் வழி, மின்சாரம் ஆகியவை முதல் கட்டமாகவும், தரை உயர்த்துவது அடுத்த கட்டமாகவும் இருக்கட்டும். பேரிடர்க் காலத்தில் எத்தனை பேரை எத்தனை நாள் தங்கவைக்க முடியும் என்ற கணக்கை அந்த மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அந்தப் பயனுக்கு மாநில, கூட்டரசு நிதி கேட்க வாய்ப்புண்டா என்பதை ஆராயலாம். இவ்வளவும் ஆயத்தமானதும், தீர்மானம் எடுப்பதற்கு முன் இதற்கென்றே ஒரு பொதுக் கேட்பு நாளை, வேலைக்குப் போவோரும் வரக்கூடிய மாலை நேரத்தில் வைத்து, குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவியுங்கள். தமிழ்க் குடும்பங்களிலிருந்து பெயர் பதிவு செய்துகொண்டு வந்து பேசுவதற்கு ஆட்களைத் திரட்டும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹாரிஸ் கவுண்டியில் வசித்துச் சொத்துவரி செலுத்திவரும் ஒரு தமிழ்க் குடிமகள்